தெறித்த ஒளியும் தெளிந்த அறிவும்

ஒரு பொருளை உடைக்காமலும் கரைக்காமலும் அதன் அகத்தை அறிதல் கூடுமோ என வினவின், கூடும் என விடை பகர்கின்றது இக்கால ஒளியியல். பொருளின்மேல் ஒளியை வீழ்த்தி, மீண்டு வரும் ஒளியை அளந்து, அப்பொருளினுள்ளே கலந்துள்ளவை ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றன, எவ்வளவு சிதறச் செய்கின்றன என்று கணித்துரைக்கும் முறை இன்று தீந்தை செய்யும் ஆலை முதலாக வான ஆராய்ச்சி ஈறாகப் பலவிடத்தும் வழக்கில் உள்ளது. அம்முறையின் சிறப்பை எடுத்தோதுதல் மட்டும் எமது நோக்கமன்று. அதனுள்ளே நம் மாணவர்க்கு ஏற்ற பெரும் பாடம் ஒன்று பொதிந்து கிடக்கின்றது. அப்பாடம் நம் கல்லூரிகளிற் செய்முறையாகக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதே யாம் இவ்விழா மலரின்கண் வற்புறுத்த விழைவதாகும்.

தமிழாசிரியர்க்கு ஒளியியலில் என்ன அலுவல் என்று நகைப்பாரும் உளராகலாம். அவர்க்கு எமது விடை இது: அளந்ததை அளந்தது என்றும், கருதியதைக் கருதியது என்றும் வேறுபடுத்தி எழுதப் பழக்குவது மொழியாசிரியர் கடனேயாகும். விஞ்ஞானக் குறிப்பேட்டிலும் வசனம் வசனமே. அவ்வசனத்திற் பிழை நேரின் அறிவிலும் பிழை நேரும்.

நம் மாணவர் கையிலுள்ள பாடநூல் சமதள ஆடி, வில்லை, அரியம் என்பவற்றோடு ஒளியியலைத் தொடங்குகின்றது. ஆடியிற் பட்ட கதிர் படுகோணத்துக்குச் சமமான கோணத்தில் தெறிக்கும். கண்ணாடியுட் புகுந்த கதிர் முறியும். இவை நன்று. ஆயினும் ஆடியும் அரியமும் உலகில் மிகச் சிலவே. நாம் நாடோறும் காணும் சுவர், மரம், கடதாசி, துணி, மண், பால், நம் உடலின் தோல் ஆகிய யாவும் கலப்புப் பொருள்கள். ஓர் ஊடகத்தினுள்ளே வேறொன்றின் துணிக்கைகளோ நார்களோ நிறைந்து கிடப்பன. இவற்றினின்று மீளும் ஒளி மேற்பரப்பிற் பட்டுத் தெறித்தது மட்டுமன்று. அதிற் பெரும்பகுதி உள்ளே புகுந்து, துணிக்கைக்குத் துணிக்கை மோதித் திசைமாறி, வழியிற் சிறிது உறிஞ்சப்பட்டு, எஞ்சியது வெளிவந்ததாகும். உள்ளே சென்று மீண்டமையால் உள்ளிருப்பதன் அடையாளத்தை அது தாங்கி வருகின்றது.

தைப்பொங்கலுக்கு முன்னர் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்போர் ஒன்றை அறிவர். பூசிய சுண்ணாம்பு ஈரமாயிருக்கையில் மங்கித் தோன்றும். உலர உலர வெண்மை மிகும். இதற்கு முதற்காரணம் யாது? ஒளி ஓர் ஊடகத்தினின்று மற்றோர் ஊடகத்துட் செல்லும்போது அவ்விரண்டின் முறிவுச்சுட்டிகளும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அதற்கேற்பவே தெறிப்பு நிகழும். வெண்கட்டித் தூளின் முறிவுச்சுட்டி ஏறக்குறைய 1.6, நீரின் முறிவுச்சுட்டி 1.33, காற்றினது ஏறக்குறைய 1. தூளுக்கிடையே காற்று நிற்கும்போது வேறுபாடு பெரிது; ஆதலின் ஒளி மிகுதியாகச் சிதறி மீள்கின்றது. நீர் நிற்கும்போது வேறுபாடு சிறிது; ஒளி பின்னே மீளாது உள்ளே ஆழ்கின்றது. கடற்கரையில் ஈரமணல் கருத்துத் தோன்றுதலும், எண்ணெய்ப் பலகாரம் பொதிந்த கடதாசி ஒளியை ஊடுவிடுதலும் இக்காரணம் பற்றியனவே. தூள் மாறவில்லை, நாரும் மாறவில்லை. அவற்றின் இடைவெளியை நிரப்பியது எதுவோ அதுவே மாறியது. கலப்புப் பொருளின் தோற்றம் அதன் கூறுகளுள் ஒன்றற்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் புலனாம்.

இவ்விளக்கத்துக்கு நம் நாட்டோடு நேரான தொடர்பும் உண்டு. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, ரூற்றைல் என்னும் கனியங்கள் உள்ளன. இவை தைற்றேனியம் என்னும் உலோகத்தைக் கொண்டவை. அவ்வுலோகத்தின் ஈரொட்சைட்டே இன்று உலகெங்கும் வெண்டீந்தைக்கு முதன்மையான நிறத்தூள். ரூற்றைல் வடிவில் அதன் முறிவுச்சுட்டி ஏறக்குறைய 2.7. தீந்தைக்குரிய எண்ணெயின் சுட்டி ஏறக்குறைய 1.5. எண்ணெய்க்கும் இத்தூளுக்கும் இடைப்பட்ட எல்லையில் நேரே படும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பங்கு தெறிக்கும். வெண்கட்டித் தூளாயின் அதே எண்ணெயில் நூற்றுக்கு 0.1 பங்கே தெறிக்கும். துணிக்கைகள் ஒளியின் அலைநீளத்தை ஒத்த சிறுமையுடையன ஆகலின் இவ்வெண்கள் வழிகாட்டிகளே. ஆயினும் சுண்ணத்தூளை எண்ணெயிற் குழைத்தாற் சுவரை மறைக்க இயலாமையும், தைற்றேனிய வெண்மை மெல்லிய பூச்சிலேயே மறைத்துவிடுதலும் இதனால் விளங்கும். காண்பதற்குக் கரிய இல்மனைற்று மணலினின்று வெண்மையிற் சிறந்த தூள் பிறத்தல் நம் மாணவர் அறிந்து வியக்கத்தக்கதன்றோ?

கலப்புப் பொருளின் நிறம் பற்றிய வியப்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று. இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ள லைக்கர்கஸ் கிண்ணம் கி.பி. 4 ஆம் நூற்றாண்டில் உரோமர் காலத்திற் செய்யப்பட்டது. வெளியே நின்று ஒளி வீழ்த்தின் அது பசுமையாய்த் தோன்றும். உள்ளே விளக்கு வைப்பின் செம்மையாய் ஒளிரும். கண்ணாடியினுள்ளே மிக நுண்ணிய பொன், வெள்ளித் துணிக்கைகள் கலந்திருத்தலே காரணம். மைக்கேல் பரடே 1857 இல் நுண்பொன் துணிக்கைகள் ஒளியோடு கொள்ளும் தொடர்பை ஆராய்ந்தார். 1904 இல் மாக்ஸ்வெல் கார்னெற் என்பார், உலோகத் துணிக்கைகள் கலந்த கண்ணாடியின் நிறத்தை அத்துணிக்கைகளின் இயல்பினின்றும் கணிக்கும் விதியொன்றைத் தந்தார். கூறுகளை அறிந்து கலவையைக் கணிக்கும் நெறி அது. எமக்கு ஈண்டு வேண்டுவது அதன் மறுதலை: கலவை தரும் ஒளியைக் கண்டு கூறுகளை அறியும் நெறி. முன்னது இறங்குமுக வழி. பின்னது ஏறுமுக வழி.

அவ்வேற்றத்தில் முதன்மையான படி ஒன்றை 1931 இல் போல் குபெல்கா, பிரான்ஸ் முங்க் என்னும் இருவர் அமைத்தனர். தீந்தைப் பூச்சினுள்ளே ஒளி கீழ்நோக்கிச் செல்லும் ஓட்டம் ஒன்று, மேல்நோக்கி மீளும் ஓட்டம் ஒன்று என இரண்டே ஓட்டங்கள் உள்ளன என்று அவர் கொண்டனர். ஒவ்வொரு மெல்லிய படையிலும் ஒரு பங்கு உறிஞ்சப்படும். ஒரு பங்கு சிதறி எதிர் ஓட்டத்தோடு சேரும். இவற்றை உறிஞ்சல் எண், சிதறல் எண் என்போம். பின்புறம் தோன்றாத அளவுக்குத் தடித்த பூச்சாயின் விடை எளிது. வீழ்ந்த ஒளியில் மீண்ட பங்கைத் தெறிப்பு விகிதம் என்க. அதனை 1 இலிருந்து கழித்து, எஞ்சியதை வர்க்கித்து, தெறிப்பு விகிதத்தின் இருமடங்கால் வகுத்தால் உறிஞ்சல் எண்ணைச் சிதறல் எண்ணால் வகுத்த ஈவு கிடைக்கும். தெறிப்பு விகிதம் 0.8 ஆயின் அவ்வீவு 0.025, 0.5 ஆயின் 0.25, 0.2 ஆயின் 1.6. சாதாரணதர மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது.

மாணவர் நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே. அக்கணக்குத் தந்தது யாது? உறிஞ்சலையும் தரவில்லை, சிதறலையும் தரவில்லை, இரண்டற்கும் உள்ள விகிதத்தையே தந்தது. உறிஞ்சல் 1, சிதறல் 4 உடைய தீந்தை ஒன்று. உறிஞ்சல் 2, சிதறல் 8 உடைய தீந்தை மற்றொன்று. இரண்டையும் தடிக்கப் பூசிப் பார்த்தால் வீழ்ந்த ஒளியில் நேர்பாதியை இரண்டும் திருப்பும். கண்ணுக்கும் கருவிக்கும் அவை ஒன்றே. மெல்லிதாகப் பூசும்போதுதான் வேற்றுமை வெளிப்படும். பின்னது பழைய சுவரை ஒரே பூச்சில் மறைக்க, முன்னது இரண்டாம் பூச்சையும் வேண்டிநிற்கும். கடையில் மாதிரி அட்டையை மட்டும் பார்த்து வாங்கிய இல்லத்தான் இவ்வேற்றுமையைப் பணப்பையால் உணர்வான்.

இரண்டு எண்களையும் தனித்தனி அறிய வழி இல்லையோ எனின், உண்டு. தடிப்பு அறிந்த மெல்லிய பூச்சினை ஒருமுறை கறுப்புத் தளத்தின்மேலும் ஒருமுறை வெள்ளைத் தளத்தின்மேலும் இட்டு இருமுறை அளத்தல் வேண்டும். கறுப்பின்மேல் உள்ளபோது மீளும் ஒளி பூச்சு தானே சிதறியது. வெள்ளையின்மேல் உள்ளபோது ஊடுசென்று தளத்திற் பட்டு மீண்டதும் அதனோடு சேரும். இவ்விரு அளவைகளையும் ஒப்பிட்டபோதே உறிஞ்சலும் சிதறலும் பிரிந்து நிற்கும். ஒரே நிலையில் நூறுமுறை அளந்தாலும் கிடைக்காத அறிவு, நிலை மாற்றி இருமுறை அளந்தபோது கிடைக்கின்றது. எமது கட்டுரையின் உயிர்நிலை இவ்வொரு வசனமே.

தளத்தை மாற்றுதல்போல ஒளியின் நிறத்தை மாற்றுதலும் பயன் தரும். கடையின் குழல்விளக்கொளியிற் சேலைக்குப் பொருந்தியிருந்த சட்டைத் துணி, முற்றத்துப் பகலொளியில் வேறு நிறமாய்த் தோன்றுதலைத் தாய்மார் அறிவர். வெவ்வேறு சாயங்கள் ஒரு விளக்கின்கீழ் ஒன்றுபோலக் காட்டி, மற்றொன்றன்கீழ் வேறாகலாம். அலைநீளந்தோறும் அளந்தாலன்றி அவை வேறு சாயங்கள் என்பது துணியப்படாது.

கோணத்தை மாற்றி நோக்குதலின் பயனுக்கு வெள்ளிக் கோளினும் சிறந்த சான்று இல்லை. அக்கோளை மூடிய முகிலினின்று மீளும் சூரியவொளியின் முனைவாக்கத்தைப் பிரான்சிய அறிஞர் பேர்ணாட் லியோ 1920 களிற் பல கோணங்களில் அளந்தார். நெடுங்காலத்தின் பின் 1974 இல் ஹான்சன், ஹோவெனியர் என்னும் இருவர் அத்தகைய அளவீடுகளைக் கணிப்போடு ஒப்பிட்டு, அம்முகிற்றுளிகள் கோள வடிவின, ஆரை ஏறக்குறைய 1 மைக்கிரோமீற்றர், முறிவுச்சுட்டி ஏறக்குறைய 1.44 என்று நிறுவினர். நீராயின் 1.33 ஆதல் வேண்டும், ஆகவே நீரன்று. செறிந்த சல்பூரிக்கமிலக் கரைசலுக்கு அது பொருந்திற்று. ஒரு கோணத்து அளவீட்டுக்குப் பல விடைகள் பொருந்தக்கூடும். பல கோணங்கள், பல நிறங்கள் அனைத்துக்கும் ஒருங்கே பொருந்தும் விடை அருகியே கிடைக்கும். ஆதலின் அவ்விடை நம்பத்தக்கதாயிற்று.

இனி, கொள்கையைச் சோதியாது விட்டால் விளையும் கேடும் அறியத்தக்கது. விரலிற் பொருத்திக் குருதியின் ஒட்சிசன் நிறைவை அளக்கும் சிறு கருவியைக் கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் யாவரும் கண்டனர். அது பெரும்பாலும் ஊடுசெல்லும் ஒளியால் அளப்பதாயினும் அடிப்படை ஒன்றே. தோல், தசை, குருதி என்னும் கலப்புப் பொருளின் வழியே சென்ற சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் அளந்து, குருதியின் நிலையைக் கணிக்கின்றது. 2020 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கருவி போதிய ஒட்சிசன் உண்டு எனக் காட்டியும் உண்மையிற் குருதியில் அது குறைந்திருந்த நிலை வெள்ளையரினும் கறுப்பின நோயாளரிடத்து ஏறக்குறைய மும்மடங்கு காணப்பட்டது எனத் தெரிவித்தது. கருவியின் ஒளி பொய் கூறவில்லை. தோலின் நிறம் விடையைப் பாதியாது என்று கொண்ட கொள்கையே பொருந்தவில்லை. கருநிறத் தோலுடைய மக்களாகிய நமக்கு இச்செய்தி பிறர்செய்தி அன்று. எண்ணைத் தருவது கருவி. அவ்வெண்ணுக்குப் பொருள் தருவது நாம் முன்னரே கொண்ட கொள்கை. கொள்கையைக் கேளாது எண்ணை மட்டும் நம்புவது உயிருக்கே இடராய் முடியலாம்.

நம் தருக்கநூலார் அறிதற்கருவிகளைக் காண்டல், கருதல், உரை என வகுத்தனர். புகையைக் காண்டல் ஒன்று. புகை கண்டு நெருப்புண்டெனக் கருதல் வேறொன்று. கருதல் பழுதறுவது, புகைக்கும் நெருப்புக்கும் உள்ள நீங்காத் தொடர்பு உறுதியானவிடத்து மட்டுமே. தெறித்த ஒளியை அளத்தல் காண்டல். அதனின்று உறிஞ்சலும் சிதறலும் உரைத்தல் கருதல். பாடநூலிலும் கருவியின் கையேட்டிலும் உள்ளதை ஏற்றுக்கொள்ளல் உரை. பள்ளியில் அளவையியலை ஒரு மணி நேரத்திலும் ஒளியியலை மறு மணி நேரத்திலும் கற்ற மாணவன் இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும்படி நாம் செய்ததுண்டோ? செய்முறைக் குறிப்பேடுகளில் “காணப்பட்டது” என்னும் ஒரே சொல்லாற் கண்டதும், கொண்டதும், கணித்ததும் எழுதப்படுகின்றன. “அளந்தோம்”, “எனக் கொண்டோம்”, “எனக் கணித்தோம்” என்னும் மூன்றும் மூன்று வேறு வினைகள் என்று பழக்குவதே யாம் வேண்டுவது. தெறிப்பு, முறிவு, சிதறல், உறிஞ்சல், முனைவாக்கம் என அழகிய சொற்கள் நம் நாட்டுத் தமிழில் வழங்குகின்றன. குறை சொல்லில் இல்லை. சொல்லை இடமறிந்து ஆளும் பயிற்சியிலேயே உளது.

இதற்கு மறுப்பாக இரண்டு கூறப்படலாம். எளியதை முதலிற் கற்பித்த பின்னரே அரியதைக் கற்பித்தல் முறை. ஆடியை விட்டுச் சுவரைக் கற்பிக்கப் புகின் மாணவர் மயங்குவர் என்பர் ஒருசாரார். இது முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆடி முதலில் வரட்டும். ஆனால் ஆடியோடே நின்றுவிடுவதால், ஓர் அளவீட்டுக்கு ஒரே விடை என்னும் எண்ணம் மாணவன் உள்ளத்தில் வேரூன்றிவிடுகின்றது. பின்னர் அதனைப் பிடுங்குதல் அரிது. பரீட்சையில் வாராததற்கு நேரம் ஏது என்பர் மற்றொருசாரார். பரீட்சைக்கு வேண்டிய தெறிப்பு, முறிவு, விகிதம், வர்க்கம் யாவும் இச்செய்முறையுள் அடங்கியுள்ளன; இதற்குச் செலவாவது சில மாலைப்பொழுதுகளே என்பது எமது விடை.

செலவும் பெரிதன்று. இருளறை ஒன்று; நிலையான விளக்கு ஒன்று; ஒளியை அளக்கும் எளிய மானி ஒன்று; செந்நிற, பசுநிற, நீலநிற வடிகள்; பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அட்டைகள்; வெண்கட்டித் தூள், நீர், தேங்காயெண்ணெய்; இவ்வளவே போதும். ஒரு குழு தூளை நீரிலும் மற்றொரு குழு எண்ணெயிலும் குழைத்துப் பூசுக. ஈரத்திலும் உலர்ந்த பின்னும், கறுப்பின்மேலும் வெள்ளையின்மேலும், நிறந்தோறும் அளக்க. இரு குழுவினரின் எண்களும் வேறுபட்டவிடத்து யார் சரி என்று கேளாது, யார் எதனைக் கொண்டார் என்று கேட்க. அன்று அவ்வறையில் நிகழ்வதே விஞ்ஞானக் கல்வி.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழாக் காலங்களில் நன்றியுள்ள நெஞ்சினர் தாம் கற்ற கல்லூரிக்கு ஏதேனும் செய்ய விரும்புதல் இயல்பு. அந்நன்றி பல இடங்களில் வாயில் வளைவாகவும், பெயர் பொறித்த கல்லாகவும் வடிவெடுக்கின்றது. வளைவு வேண்டாம் என்று யாம் கூறோம். வளைவுக்கு முன்னர் இருளறை வேண்டும் என்கின்றோம். வளைவின் மேற்பரப்பிற் பட்ட ஒளி வழிப்போக்கர் கண்ணோடு தங்கிவிடும். இருளறையில் ஒருமுறை மெய்யாக அளந்து பழகிய மாணவனோ, பிற்காலத்தில் வைத்தியனாயினும், பொறியியலாளனாயினும், கடை நடத்துவோனாயினும், கருவி காட்டும் எண்ணைக் கண்டவுடன் “இது எதனைக் கொண்டு கூறப்பட்டது?” என்று வினவுவான். அவ்வினா ஓர் உயிரைக் காத்தல் கூடும்.

ஆசிரியர்க்கும் ஒரு சொல். கலப்புப் பொருளினும் கலப்புடையது மாணவன் உள்ளம். ஒரு தவணைப் பரீட்சையின் புள்ளி அவனிடமிருந்து தெறித்த ஒளி. அது உண்மையேயாயினும் ஒரு நிலையில் எடுத்த ஓர் அளவீடு மட்டுமே. உறிஞ்சியது எவ்வளவு, சிதறியது எவ்வளவு என்பதை அது பிரித்துக் காட்டாது. வேறு தளத்தில் வைத்தும், வேறு ஒளியில் நோக்கியும், வேறு கோணத்தில் நின்றும் அளந்த பின்னரே அவனைப் பற்றிக் கணித்தல் முறை.

இவ்விழா ஆண்டில் நம் கல்லூரியன்னையின் புறத்தோற்றம் பொலிக. அதனினும் மேலாக, அவள் மக்கள் காண்டலையும் கருதலையும் பகுத்தறியும் தெளிவுடையராய்ப் பெருகுக என வாழ்த்தி அமைகின்றோம்.